கனடாவில இருக்கிற உடம்புக்கு கல்லடியில சட்டை: டவுன்லோட் பண்ணின பேட்டர்ன கொம்பியூட்டர்லயே தைச்சுப் பாக்கிறது எப்பிடி

கல்லடியில எங்கட வீட்டு முன் அறைதான் என்ட தையல் கடை, ஒரு மெசின், ஒரு ஓவர்லொக், ஒரு பழைய மேசை, அவ்வளவுதான். போன வருசம் அக்காட மகள் கனடாவில இருந்து வட்ஸ்அப்பில, "சின்னம்மா, மருதமுனைக் கைத்தறியில எனக்கு ஒரு சட்டை தைச்சு அனுப்ப ஏலுமா, அளவு அனுப்புறன்" எண்டு கேட்டாள். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். சொன்ன பிறகுதான் யோசிச்சன், ஆளை நிக்க வச்சுப் போட்டுப் பாக்க ஏலாது, பிழைச்சா அனுப்பின காசும் போச்சு துணியும் போச்சு. அப்பதான் இந்த டிஜிட்டல் பேட்டர்ன், த்ரீடி தையல் எல்லாத்துக்குள்ளயும் இறங்கினன். இறங்கி விழுந்து எழும்பினதைத்தான் இங்க ஒழுங்கா எழுதுறன், உங்களுக்கும் வெளிநாட்டில ஒரு மருமகளோ மச்சாளோ இருப்பாதானே.

விசயம் இதுதான். ஒரு பேட்டர்ன் ஃபைல இறக்கி, அதில உள்ள துண்டுகளை சொஃப்ட்வெயாருக்குள்ள கொண்டு போய், ஆளிட அளவில ஒரு பொம்மை செஞ்சு, அதுக்கு மேல துண்டுகளைத் தைச்சு, எங்க இறுக்குது எங்க தொங்குது எண்டு பாத்து, திருத்தி, பிறகுதான் உண்மைத் துணியில கத்தரிக்கோலை வைக்கிறது. பெரிய கார்மன்ட் கம்பனிகள் சாம்பிள் தைக்கிறதைக் குறைக்க இதைத்தான் செய்யிறாங்க. வீட்டில தைக்கிற எங்களுக்கும் ஏலும், ஆனா ஒரு இடத்தில சறுக்கினா எல்லாம் சறுக்கும். அது ஸ்கேல். திரையில உள்ள ஒரு இன்ச், டேப்பில உள்ள ஒரு இன்ச்சா இருக்கோணும். மற்ற எல்லாம் பழகப் பழக வரும்.

எந்த ஃபைல எடுக்கிறது

பேட்டர்ன் வாங்கினா கனபேர் ஒரே சிப் ஃபைலுக்குள்ள மூண்டு நாலு பிடிஎஃப் போட்டுத் தருவாங்க. ஏ4 தாள்ல துண்டு துண்டா அடிச்சு ஒட்டுறதுக்கு ஒண்டு, ஏ0 எண்டு பெரிய தாளுக்கு ஒண்டு, சிலர் ப்ரொஜெக்டருக்கெண்டு தனியா ஒண்டு. வீட்டு பிறின்டர் இருக்கிறவங்க கண்ணை மூடிக்கொண்டு ஏ4 ஐத்தான் திறப்பாங்க, நானும் அப்பிடித்தான் திறந்தன். கொம்பியூட்டர் வேலைக்கு அது சரிவராது. ஒவ்வொரு பக்க ஓரத்திலயும் கோடு முறிஞ்சு கிடக்கும், முப்பது பக்கத்தில உள்ள முறிஞ்ச கோட்டை எல்லாம் மவுசால இணைச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிரும். ஏ0 ஃபைல எடுங்க, இல்லாட்டி ப்ரொஜெக்டர் ஃபைல எடுங்க. ஏ0 எண்டா 841 க்கு 1189 மில்லிமீட்டர், துண்டுகள் முறியாம முழுசா இருக்கும்.

அடுத்தது, அந்தப் பிடிஎஃப் உண்மையான கோடா இல்லாட்டி வெறும் படமா எண்டு பாக்கோணும். நல்லாப் பெருசாக்கிப் பாருங்க. எவ்வளவு பெருசாக்கினாலும் கோடு கூரா நிண்டா நல்லது, ஓரம் சதுரஞ் சதுரமா உடைஞ்சா அது ஸ்கேன் பண்ணின படம். படமெண்டாலும் வீணில்லை, ஆனா அதை பின்னணியில வச்சு மேலால நீங்கதான் கீறோணும்.

காசு குடுத்து வாங்க விருப்பமில்லாட்டி ஃப்ரீசூயிங் எண்டு ஒரு இணையத்தளம் இருக்கு, முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதில எஸ் எம் எல் எண்டு சைஸ் பாத்து எடுக்கத் தேவையில்லை, ஆளிட அளவைப் போட்டா அந்த அளவுக்கே கீறித் தரும். டீகன் எண்டு ஒரு டீ சேர்ட், சைமன் எண்டு ஒரு சேர்ட், பெல்லா எண்டு பொம்பிளையளுக்கான மேல் உடம்பு அடிப்படை வெட்டு, இப்பிடிக் கனக்க கிடக்கு. பிடிஎஃப், எஸ்விஜி (SVG, கோட்டைக் கோடாவே வச்சிருக்கிற பட ஃபைல்) ரெண்டாவும் எடுக்கலாம். தையலுக்கு விடுற துணியை வேண்டாமெண்டு நிப்பாட்டிப்போட்டும் எடுக்கலாம், அது ஏன் முக்கியம் எண்டு கீழ சொல்றன்.

நீங்களே கீறுவீங்க எண்டா வாலன்டினா, சீம்லி எண்டு பேட்டர்ன் கீறுற சொஃப்ட்வெயார் ரெண்டு இருக்கு, ஒரே வேர்ல இருந்து பிரிஞ்ச ரெண்டு கிளை. ரெண்டும் இலவசம். அளவு மாறினா பேட்டர்னும் தானா மாறுற மாதிரி கீறலாம், ஆனா பழக நாள் எடுக்கும்.

இன்னொண்டு, காசு குடுத்து வாங்கின பேட்டர்ன வட்ஸ்அப் குரூப்பில போடாதீங்க. அது ஒரு ஆளிட உழைப்பு. தைச்ச உடுப்பை விக்கலாமா எண்டதும் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பாங்க, சிலர் வீட்டுத் தேவைக்கு மட்டும் எண்டுவாங்க, வாசிச்சுப் பாருங்க.

முதல்ல எதைத் தைக்கிறது

கை இல்லாத ஏ-லைன் சட்டை, அதாவது மேல ஒடுங்கி கீழ போகப் போக அகலுற சட்டை. சொன்னாக் கேளுங்க. எங்கட ஊரில எல்லாரும் முதல்ல சாறி ஜாக்கெட்டுக்குத்தான் போவாங்க, ஏனெண்டா அதுதான் கனக்கத் தைக்கிறம். ஆனா உடம்போட ஒட்டி, டார்ட் (உடம்பு வளைவுக்காக கூம்பு மாதிரி மடிச்சுத் தைக்கிறது) நாலு அஞ்சு வச்சு, அரை சென்டிமீட்டர் பிழைச்சாலும் காட்டிக்குடுக்கிற உடுப்பு அது, புது ஆளுக்குத் திரையிலயும் கஷ்டம். அபாயா சுகம், விழுகிற விதத்தைப் பாக்கவும் நல்லா இருக்கும். அதைவிடச் சுகம் ஏ-லைன்.

அளவு, பொம்மை

மருமகளுக்கு ஒரு படத்தில கோடு போட்டு அனுப்பினன், நெஞ்சு, நெஞ்சுக்குக் கீழ, இடுப்பு, கீழ் இடுப்பு, தோள் அகலம், பின் கழுத்தெலும்பில இருந்து இடுப்பு வரைக்கும், மொத்த உயரம். ஆரையாவது பிடிக்கச் சொல்லி அளக்கச் சொன்னன், தன்னைத்தானே அளந்தா பின்பக்கம் டேப் கீழ இறங்கிரும். அவள் 92 நெஞ்சு எண்டு அனுப்பினாள். இன்ச்சா சென்டிமீட்டரா எண்டு கேக்காம விட்டா ஒரு நாள் சிரிப்பா முடியும், ஒரு நாள் அழுகையா முடியும்.

குளோ த்ரீடி, மார்வலஸ் டிசைனர் எண்ட த்ரீடி தையல் சொஃப்ட்வெயார் ரெண்டும் ஒரே கொரியக் கம்பனிட. குளோ உடுப்புத் தைக்கிறவங்களுக்கு, மார்வலஸ் கூடுதலா கேம், கார்ட்டூன் செய்யிறவங்களுக்கு. ரெண்டுக்கும் மாதக் காசு, முதல்ல கொஞ்ச நாள் சும்மா பாவிச்சுப் பாக்கலாம். இதுகளில பொம்மையிட அளவை எண்ணாப் போட்டு மாத்தலாம். முதல்ல வாற பொம்மை நெட்டையா, ஒல்லியா, மொடல் மாதிரி நிக்கும், எங்கட வீட்டில ஆரும் அப்பிடி இல்லை. உயரத்தை முதல்ல மாத்துங்க, பிறகு சுத்தளவுகளை மாத்துங்க, மாறிச் செஞ்சா ஒண்டை மாத்த மற்றது குழம்பும்.

இதில ஒரு சின்னக் கள்ளம் இருக்கு. பொம்மையிட தோலுக்கும் துணிக்கும் இடையில ஒரு இடைவெளி வச்சிருக்கும், வழமையா 3 மில்லிமீட்டர். சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா சுத்திவர 3 மில்லிமீட்டர் எண்டா சுத்தளவில கிட்டத்தட்ட 1.9 சென்டிமீட்டர் கூடுது. தொளதொளச் சட்டைக்குப் பரவாயில்லை, ஒட்டின உடுப்பெண்டா இல்லாத இறுக்கத்தைக் காட்டும். அப்ப அதைக் குறைச்சுப்போட்டுப் பாருங்க.

கோட்டைத் துப்பரவாக்கிறது

இதுதான் அலுப்பான வேலை, ஆனா இதிலதான் எல்லாம் இருக்கு. இங்ஸ்கேப் எண்ட இலவச சொஃப்ட்வெயார்ல பிடிஎஃப திறங்க. சைஸ் சைஸா லேயர் இருந்தா உங்களுக்கு வேண்டியதை மட்டும் வச்சு மற்றதை அழிங்க. எழுத்து, கம்பனி லோகோ, விளக்கப் படம் எல்லாம் வேண்டாம். மிஞ்ச வேண்டியது துண்டிட ஓரக் கோடு, நூல் ஓடுற திசையைக் காட்டுற அம்புக்குறி, துண்டோட துண்டு சேருற இடத்தைக் காட்டுற வெட்டுக் குறிகள், டார்ட் கோடு. ஒவ்வொரு துண்டும் சுத்திவர மூடின கோடா இருக்கோணும், எங்கயாவது ஒரு முடிச்சு (கோட்டுத் துண்டுகள் சேருற புள்ளி) திறந்து கிடந்தா மற்ற சொஃப்ட்வெயார் அதைத் துண்டெண்டே எடுக்காது. முடிச்சுகள் நூறு இருநூறு இருந்தா குறைக்க ஆசை வரும், சிம்ப்ளிஃபை எண்ட பட்டனை அமத்தினா கழுத்து வளைவும் கைக்குழி வளைவும் வேற உருவத்துக்குப் போயிரும். கையால ஒண்டொண்டா எடுக்கிறதுதான் நல்லது.

இப்ப ஸ்கேல். நல்ல பேட்டர்ன் எல்லாத்திலயும் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், ஒரு இன்ச் இல்லாட்டி அஞ்சு சென்டிமீட்டர், பத்து சென்டிமீட்டர். அதைத் தொட்டு, அகலம் எத்தனை எண்டு பாருங்க. சரியா வரோணும், கிட்டத்தட்ட வந்தாக் காணாது. ஏன் சொல்றன் எண்டா, இங்ஸ்கேப்பிட பழைய வேர்சன் ஒரு இன்ச்சுக்கு 90 புள்ளி எண்டு கணக்குப் பாத்தது, 2017 இல வந்த 0.92 வேர்சன்ல இருந்து 96. பழசில செஞ்ச எஸ்விஜிய புதுசில திறக்கிறபோது கவனிக்காட்டி 100 சென்டிமீட்டர் 93.75 ஆகும். 72 கணக்கில வந்த ஃபைல் எண்டா 100 எண்டது 75 ஆகும். 75 வந்தா பாத்த உடனயே பிழை எண்டு தெரியும், பிள்ளைச் சட்டை மாதிரி இருக்கும். 93 தான் மோசம், பாக்கச் சரி மாதிரியே இருக்கும், "கொஞ்சம் இறுக்கம் போல" எண்டு நினைச்சு பேட்டர்ன அகட்டப் போவீங்க.

எனக்கு இது திரையில நடக்கல்ல, தாள்ல நடந்துது. இதெல்லாம் பழக முதல், ஒரு ராத்தாவுக்குத் தைக்க ஒரு கடையில குடுத்து பேட்டர்ன் அடிச்சன். அடிச்ச பொடியன் தாளுக்குள்ள அடங்கட்டும் எண்டு ஃபிட் போட்டு அடிச்சிருக்கான், நானும் சதுரத்தை அளக்கல்ல. வெட்டி, தைச்சு, போட்டுப் பாத்தா ராத்தா மூச்சு விடேலாம நிக்கிறா. "என்னகா இது, போன பெருநாளைக்குத் தைச்ச அளவுதானே" எண்டு கேட்டா. பிறகு அந்தச் சதுரத்தை அளந்தன், அஞ்சு சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 4.8. நூற்றுக்கு நாலு குறைவு. 100 சென்டிமீட்டர் உடுப்பு 96 ஆப் போச்சு. அண்டையில இருந்து சதுரத்தை அளக்காம நான் கத்தரிக்கோலைத் தொடுறதில்லை.

தையலுக்கு விட்ட துணியைக் கழிக்கிறது

கனபேர் பிழைக்கிறது இங்கதான். கடதாசிப் பேட்டர்ன்ல ஓரக் கோடு எண்டது வெட்டுற கோடு, அதுக்கு உள்ளுக்க 1 அல்லது 1.5 சென்டிமீட்டர் தள்ளித்தான் தையல் கோடு. திரையில தைக்கிறபோது ஓரத்தோட ஓரத்தை ஒட்டுது, மடிப்புக்கு உள்ளுக்க துணி போறதில்லை. அப்ப வெட்டுற கோட்டை அப்பிடியே குடுத்தா ரெண்டு பக்கத் தையல், நாலு ஓரம், ஓரத்துக்கு 1.5, மொத்தம் 6 சென்டிமீட்டர் உடுப்பு பெருக்கும். அதனாலதான் ஃப்ரீசூயிங்கில அதை நிப்பாட்டி எடுங்க எண்டு சொன்னன். மற்றப் பேட்டர்ன் எண்டா இங்ஸ்கேப்பிலயோ குளோவிலயோ ஓரத்தை உள்ளுக்கு இழுக்கோணும். கீழ் மடிப்பு வேற அளவு, அங்க 2 அல்லது 3 விட்டிருப்பாங்க, பேட்டர்னோட வந்த விளக்கத்தை வாசிச்சுச் செய்யுங்க.

மடிப்பில வச்சு வெட்டுற துண்டு பாதிதான் கீறியிருக்கும், நடுக் கோட்டில விரிச்சு முழுசாக்குங்க. குளோவில அந்தக் கோட்டை ரைட் கிளிக் பண்ணினா விரிக்கலாம்.

உள்ளுக்குக் கொண்டு போறது

ஃபெக்டரிகள் பாவிக்கிறது டிஎக்ஸ்எஃப் (DXF) எண்ட ஃபைல், அதிலயும் ஏஏஎம்ஏ (AAMA), ஏஎஸ்டிஎம் (ASTM) எண்டு ரெண்டு வகை. இதில ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நம்பர், 1 எண்டா துண்டிட ஓரம், 4 வெட்டுக் குறி, 7 நூல் ஓடுற திசை, 8 உள் கோடு, 14 தையல் கோடு. சைஸ் பெருப்பிக்கிற கணக்கு தனியா ஒரு ரூல் ஃபைல்ல வரும். வாலன்டினாவில கீறினா இப்பிடி எடுக்கலாம். இங்ஸ்கேப்பில இருந்து வாற டிஎக்ஸ்எஃப் சாதாரண வகை, கோடு மட்டும்தான், நூல் திசை வெட்டுக் குறி எண்டு ஒண்டும் அதுக்கு விளங்காது. சேவ் பண்ணுறபோது அலகு மில்லிமீட்டர் எண்டு குடுங்க, உள்ளுக்கு எடுக்கிறபோதும் மில்லிமீட்டர் எண்டே குடுங்க. ஒண்டும் சரிவராட்டி படமா மாத்தி ரெண்டு பரிமாண ஜன்னல்ல பின்னணியாப் போட்டு, அகலத்தைச் சரியாக் குடுத்து, மேலால கீறுங்க. ஏ-லைன் சட்டைக்கு அரை மணித்தியாலம் போதும், உண்மையைச் சொன்னா நான் இப்பவும் கனக்க இப்பிடித்தான் செய்யிறன்.

உள்ளுக்கு வந்த உடன திரும்பவும் அளங்க. முன் பாதி நெஞ்சில 25, பின் பாதி 25, கூட்டினா 50, முழுசுக்கு 100. மருமகளிட நெஞ்சு 92, அப்ப 8 சென்டிமீட்டர் தளர்வு, கைத்தறிச் சட்டைக்கு அளவான தளர்வு. 94 எண்டு வந்திருந்தா எங்கயோ ஸ்கேல் பிழை எண்டு அங்கயே பிடிச்சிருப்பன்.

தைக்கிறது

முன் துண்டை பொம்மைக்கு முன்னுக்கும் பின் துண்டைப் பின்னுக்கும் நிறுத்துங்க, பொம்மையைச் சுத்தி நீலப் புள்ளிகள் வரும், அதில தொட்டா துண்டு போய் நிக்கும். பிறகு தையல். குளோவில கீபோர்ட்ல N எழுத்தை அமத்தினா கோட்டோட கோடு தைக்கிறது, M எழுத்தை அமத்தினா இஞ்ச இருந்து இது வரைக்கும் எண்டு நீங்களா பிடிச்சுத் தைக்கிறது. தோளோட தோள், பக்கத்தோட பக்கம். ரெண்டு கோட்டிலயும் ஒரே திசையில தொடங்கோணும், மாறிப் பிடிச்சா இடையில போற நூல்கள் எக்ஸ் மாதிரி குறுக்க மறுக்கப் போகும், சட்டை முறுக்குப் பிழிஞ்ச மாதிரி வரும்.

தைக்கிற ரெண்டு கோடும் ஒரே நீளமா எண்டும் பாருங்க. பக்கத் தையல்ல வித்தியாசம் இருந்தா டார்ட்ட மூட மறந்திருப்பீங்க. கை வச்ச உடுப்பெண்டா கை மேல் வளைவு கைக்குழியை விட ரெண்டு மூண்டு சென்டிமீட்டர் கூட இருக்கலாம், அது பிழை இல்லை.

பிறகு ஸ்பேஸ் பார். துணி விழும். முதல் தரம் பாக்கிறபோது எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது, உண்மையா. துணி எண்டது உள்ளுக்கு சின்னச் சின்னப் புள்ளிகளாத்தான் இருக்கு, புள்ளிக்குப் புள்ளி தூரம் முதல்ல 20 மில்லிமீட்டர். வேலை செய்யிறபோது அப்பிடியே விடுங்க, கடைசியில 10, பிறகு 5 எண்டு குறைச்சா சுருக்கமெல்லாம் வடிவாத் தெரியும், லெப்டொப்பும் அடுப்பு மாதிரிச் சுடும். மத்தியான வெயில்ல இதைச் செய்யாதீங்க, ஃபேனுக்கு முன்னால வச்சு இரவில செய்யுங்க. கரன்ட் போகும், அடிக்கடி சேவ் பண்ணுங்க.

காசு குடுக்க வழியில்லாட்டி பிளெண்டர் எண்ட த்ரீடி சொஃப்ட்வெயார் இருக்கு, முழு இலவசம். எஸ்விஜிய எடுத்தா எறும்பு அளவில வரும், பெருப்பிக்கோணும், மெஷ் எண்ட வலையா ஆக்கோணும், தைக்க வேண்டிய ரெண்டு ஓரத்துக்கும் இடையில முகம் (மேற்பரப்பு) இல்லாத கோடுகளை மட்டும் வச்சு, துணிக்குள்ள தையல் எண்டதைப் போட்டா அந்தக் கோடுகள் சுருங்கி ஓரங்களை இழுத்துச் சேர்க்கும். புவியீர்ப்பை முதல்ல சைபர் ஆக்கி, சேர்ந்த பிறகு திரும்பப் போடுங்க. ஏலும், ஆனா அளவு திருத்திற வேலைக்கு எனக்குப் பொறுமை காணல்ல.

உண்மைத் துணியைப் பொம்மைக்குப் போடுறது

மருதமுனையில எடுத்த துணியை முதல்ல கழுவிக் காய வச்சன், கைத்தறி முதல் கழுவலோட சுருங்கும், சுருங்க முதல் அளந்து பிரயோசனமில்லை. பிறகு பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்ல ஒரு சதுரம் வெட்டி, தெரிஞ்ச நகைக்கடையில குடுத்து நிறுத்தன். தங்கம் நிறுக்கிற தராசில துணியை வச்சதைப் பாத்து அந்த அண்ணன் "என்ன தங்கச்சி, சரிகையா?" எண்டு கேட்டார். 1.6 கிராம். அதை நூறால பெருக்கினா ஒரு சதுர மீட்டருக்கு 160 கிராம், சொஃப்ட்வெயார் கேக்கிறது அந்த எண்தான். விறைப்புக்கு துணியை மேசை ஓரத்தில பத்து சென்டிமீட்டர் வெளியில நீட்டி விட்டு, எவ்வளவு வளையுது எண்டு பாத்து, உள்ளுக்கு இருக்கிற கொட்டன் துணிகளில கிட்டத்தட்ட அதே மாதிரி விழுகிற ஒண்டை எடுத்து எடையை மட்டும் மாத்தினன்.

கோடு போட்ட துணி எண்டா ஒரு அடிமட்டத்தைப் பக்கத்தில வச்சு நேரா மேல இருந்து படம் எடுங்க. கோட்டுக்குக் கோடு 4 சென்டிமீட்டர் எண்டா திரையிலயும் 4 வாற மாதிரிப் படத்திட அளவைக் குடுங்க. பக்கத் தையல்ல கோடு சேருதா எண்டு வெட்ட முதலே தெரியும், கைத்தறிக்கு இது பெரிய உதவி.

இறுக்கம் பாக்கிறது

ஸ்ட்ரெயின் மேப் எண்டதைப் போட்டா துணி நிறம் நிறமா மாறும், சிவப்பு எண்டா அங்க இழுபடுது. மருமகளிட சட்டையில கமக்கட்டுக்குக் கீழ சிவப்பு. கைக்குழியை அரை சென்டிமீட்டர் கீழ இறக்கினன், போச்சு. பின்பக்கம் இடுப்புக்கு மேல துணி குவிஞ்சு மடிப்பாக் கிடந்தது, அவளுக்கு முதுகு வளைவு கூட, நடுவில ஒரு சென்டிமீட்டர் எடுத்தன். ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தோணும், ரெண்டை மாத்தினா எது வேலை செஞ்சது எண்டு தெரியாது.

பொம்மை நிமிந்து நிண்டபடியே இருக்கும். கையைத் தூக்கி வச்சுப் பாருங்க, இருக்க வச்சுப் பாருங்க. வேர்வையில துணி முதுகில ஒட்டுறது, ஸிப் குத்துறது இதெல்லாம் திரை சொல்லாது. புதுப் பேட்டர்ன் எண்டா பழைய படுக்கைச் சீலையில ஒருக்கா வெட்டிப் பாத்துப்போட்டுத்தான் நல்ல துணிக்குப் போவன், இப்பவும்.

திரையில இருந்து மேசைக்கு

திருத்தின துண்டுகளுக்குத் தையலுக்கு விடுற துணியைத் திரும்பப் போடுங்க, பக்கத்துக்கு 1.5, கழுத்துக்கு 1, கீழ 3. வெட்டுக் குறியும் போடுங்க. துணி அகலத்துக்குள்ள துண்டுகளை அடுக்கிப் பாத்தா எத்தனை யார் வேணும் எண்டும் தெரியும், நான் முந்தி மூண்டு எண்டு சொல்லி வாங்கிறதுக்கு ரெண்டரை போதும் எண்டு இதிலதான் கண்டன். பிறகு சோதனைச் சதுரத்தோட பிடிஎஃப் ஆக்கி, வீட்டுப் பிளான் அடிக்கிற கடையில பெரிய தாள்ல அடிக்கக் குடுங்க. "நூற்றுக்கு நூறு, ஃபிட் போடாதீங்க தம்பி" எண்டு சொல்லுங்க. சொல்லிப்போட்டு டேப்பையும் கையில கொண்டு போங்க, தாள் மெசினால வெளியில வந்த உடன அங்கயே சதுரத்தை அளந்து, சரியெண்டாத்தான் காசைக் குடுங்க.